மூன்று கோடுகளுக்குக் கீழே

— மைலோ குடிக்கவா இந்த நாலு மாடி ஏறி வந்தேன்? லிஃப்ட் வேற ரோசாக், ஓடல. நீங்க ஒண்ணும் கலக்க வேணாம், சிவநேசன். ஒரே ஒரு கேள்வி. பதிலைச் சொன்னீங்கன்னா அடுத்த கொமியூட்டர் ட்ரெயினைப் பிடிச்சுக் கிள்ளானுக்குப் போயிடுவேன். ஏன் வரல?

— முதல்ல உட்காருங்க சாந்தாக்கா. மூச்சு வாங்குது உங்களுக்கு. எங்க வரல?

— எங்கயா! அடக்கத்துக்கு.

— யாரோட அடக்கத்துக்கு?

— ஆண்டவரே, இந்த ஆளுக்கு நாக்கு எப்படி வருது பாரு. இருபத்திரண்டு வருஷம் என் வீட்டுல பசியாறின மனுஷன் கேக்கறான், யாரோட அடக்கம்னு.

— அக்கா, மெய்யா சொல்றேன், எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வெள்ளைச் சேலையில வந்து நிக்கறீங்க. அண்ணன் எங்க? ஹென்றி அண்ணன் உங்களோட வரலயா?

— சிவநேசன், போதும்.

— அக்கா, சொல்லுங்க. அண்ணனுக்கு என்ன?

— செத்துட்டாரு. அஞ்சு வாரம் ஆச்சு. நான் உங்களுக்குச் சொன்னேன். நீங்க பதிலும் போட்டீங்க.

— இல்ல.

— என்ன இல்ல? இந்தா, என் போன்லயே இருக்கு. அவரோட மெயிலை மகள் இதுல போட்டுக் குடுத்திருக்கா. பாருங்க. செவ்வாய்க்கிழமை காலையில ஆறே முக்காலுக்கு நான் அனுப்பினேன். ஆறே முக்காலுக்கே பதில், ஒரு நிமிஷம்கூட ஆகல. என்ன எழுதியிருக்கீங்க? நீங்களே படிங்க.

— “சேர்த்தாச்சு. நன்றி.”

— புருஷன் செத்துட்டாருன்னு ஒருத்தி எழுதினா, இதுதான் பதிலா? சேர்த்தாச்சாம், நன்றியாம். எதைச் சேர்த்தீங்க? அவரைக் குழியிலயா?

— அக்கா… அக்கா, நான் கொஞ்சம் உட்கார்றேன்.

— உட்காருங்க. உங்க வீடுதானே.

— எப்படி… என்ன ஆச்சு?

— இனிப்பு நீர்தான், சர்க்கரை வியாதி, வேறென்ன. கிட்னி போச்சு, வாரத்துக்கு மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ண போயிட்டு வந்தோம். திங்கக்கிழமை போயிட்டு வந்து, இட்டிலி ரெண்டு சாப்பிட்டு, நல்லாத்தான் படுத்தாரு. விடியக்காலையில எழுப்பறேன், உடம்பு சில்லுன்னு இருக்கு.

— எனக்குத் தெரியாதுக்கா. எங்கம்மா மேல சத்தியமா எனக்குத் தெரியாது.

— சும்மா சத்தியம் பண்ணாதீங்க. கார்த்திகேசு ஈப்போவுலேர்ந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு. உஷாராணி வந்தா. உங்களோட சேர்ந்து ப்ரோக்ராம் எழுதற அந்த மெயில் கூட்டத்துல இருந்த அத்தனை பேரும் வந்தாங்க. “சிவாவுக்குச் சொல்லியாச்சாக்கா?”ன்னு கார்த்திகேசு கேட்டாரு. “சொல்லிட்டேன், பதிலும் வந்துச்சு, வருவாரு”ன்னேன். பெட்டியை மூடற நேரத்துல பாதிரியாரைப் பத்து நிமிஷம் நிறுத்தி வச்சேன், தெரியுமா? பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து ஒரு தம்பி வரணும், ஜாம்ல மாட்டியிருப்பாருன்னு. அப்புறம் கார்த்திகேசுக்கு வந்த கோபத்துல, இனி அவன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்னுட்டாரு. மெயில் கூட்டத்துல அண்ணனைப் பத்தி நாலு வரி எழுதறேன்னாரு, அதையும் நான்தான் வேணாம்னு தடுத்தேன். வராத ஆள் நடத்தற இடத்துல எதுக்கு?

— அதான் யாரும் எங்கிட்ட பேசல. ஒரு மாசமா கூட்டத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கல. எல்லாரும் வேலையில இருக்காங்கன்னு நினைச்சேன்.

— எனக்குத் தெரிய வேண்டியது அது இல்ல. ஏன் வரல?

— நீங்க எழுதினதை நான் படிக்கலக்கா.

— படிக்காம எப்படிப் பதில்?

— நீங்க எப்படி அனுப்பினீங்க, அதை முதல்ல சொல்லுங்க. சாதாரண மெயிலாவா?

— சாதாரண மெயில் போட்டா நீங்க பார்க்கமாட்டீங்கன்னு அவர் சொல்லியிருந்தாரு. போன் அடிச்சேன், மூணு தரம். என் நம்பரை நீங்கதான் பிளாக் பண்ணி வச்சிருக்கீங்களே. அதனால அவர் பண்ற மாதிரியே பண்ணேன். அவர் உங்களுக்கு ஒட்டு அனுப்புவாரே…

— பேட்ச்.

— அந்த எழவுதான். சட்டை கிழிஞ்சா ஒட்டுப் போடறோமே, அது மாதிரி உங்க பள்ளிக்கூட அட்டவணை ப்ரோக்ராமுக்குப் போடறதுன்னு அவர் சொல்லிக் குடுத்தாரு. எழுதற எடிட்டருக்குள்ளேயே மெயிலும் இருக்கும், எழுதி முடிச்சா அங்கேருந்தே போயிடும், வேற எதையும் திறக்க வேணாம். “சாந்தா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இதுல ஒரு ஒட்டு ரெடியா இருக்கு, கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டு சி-யை ரெண்டு தரம் தட்டு, சிவாவுக்குப் போயிடும்”னாரு. அன்னைக்குக் காலையில, பிணத்தை வீட்டுல வச்சுக்கிட்டு, அதைத்தான் திறந்தேன். மூணு சின்னக் கோடு இருந்துச்சு. அதுக்குக் கீழ எழுதினா சிவாவுக்கு மட்டும்னு அவர் எப்பவும் சொல்லுவாரு. அங்கதான் எழுதினேன். தட்டினேன். போச்சு.

— ஆமாக்கா. மூணு கோடு. மேல எழுதறது ப்ரோக்ராமோட சரித்திரத்துல சேர்ந்துடும், எல்லாரும் பார்க்கலாம். கோட்டுக்குக் கீழ எழுதறது வாங்கற ஆள் கண்ணுக்கு மட்டும். ஒட்டை நான் பார்த்து ப்ரோக்ராம்ல சேர்க்கும்போது அது தானா உதிர்ந்து போயிடும். உலகம் முழுக்க அப்படித்தான்.

— அப்ப உங்க கண்ணுக்கு வந்துச்சுதானே?

— வரல. நான்… அது வந்து… வராத மாதிரி பண்ணி வச்சிருந்தேன்.

— புரியற மாதிரி சொல்லுங்க, தம்பி.

— நீங்க அன்னைக்குப் போன்ல பேசினீங்களே, நாலு வருஷம் முன்னாடி. ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? இனி என் வீட்டு வாசல்ல கால் வச்சா காலை ஒடைப்பேன்னேன்.

— அன்னைக்கு ஆத்திரத்துல எடிட்டர்ல நானா பத்து வரி எழுதினேன். ஹென்றி அண்ணன் பேர்ல வந்தா, அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கற பேச்சு என் கண்ணுல படக்கூடாதுன்னு. வேலையை மட்டும் வாங்கிக்கறேன், பேச்சு வேணாம்னு. அவ்வளவு திமிர் எனக்கு.

— அப்ப அவர் எழுதினது எதையுமே நீங்க படிக்கல?

— இல்லக்கா.

— நாலு வருஷமா? நாற்பத்தாறு ஒட்டு, தம்பி! நான் அனுப்பினதோட சேர்த்து நாற்பத்தாறு. ஒவ்வொண்ணுலயும் எழுதுவாரு. சில நாள் ஒட்டு நாலே வரி, கடுதாசி நாற்பது வரி. நான் கேலி பண்ணுவேன், ஒட்டு பெருசா சட்டை பெருசான்னு.

— எல்லாம் இருக்குக்கா. அழியல. தனியா ஒரு பெட்டியில இருக்கு. இப்பவே திறக்கறேன். இருங்க, இந்த நாற்காலியை இப்படிப் போடுங்க.

— உங்களுக்கு எழுத்து எல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கு. நீங்களே படிங்க. என் கண்ணுக்குத் தெரியல.

— இதோ, லிஸ்ட். கீழேருந்து மேல போகுது. இதுதான் முதல்.

— ஏன் எல்லாம் தடிச்ச எழுத்துல இருக்கு?

— அது… அப்படித்தான் காட்டும். படிக்கட்டுமா?

— படிங்க.

— “டேய் சிவா. சாந்தா போன்ல பேசினதை மனசுல வச்சுக்காதே. அவ கோபமெல்லாம் கோப்பி ஆறுற நேரம்தான். நான் சொல்லிப் பேசவைக்கல, அவளா எடுத்துப் போட்டுத் தாக்கிட்டா. இந்த ஒட்டு சனிக்கிழமை மாற்று வகுப்புக்கு. பார்த்துச் சேர்த்துக்க. ஹென்றி.”

— பாருங்க. மறுநாளே எழுதியிருக்காரு. ஒரே நாள். நீங்க அன்னைக்கு இதைப் படிச்சிருந்தா?

— வந்திருப்பேன்க்கா. அண்ணன் டேய்னு கூப்பிட்டா நான் வராம இருந்ததில்ல.

— அடுத்தது.

— “பங்சார்ல நாம வேலை பார்த்த ஆபீசை இடிச்சுட்டாங்களாம், பார்த்தியா? உன் மேசைக்குக் கீழ நீ ஒளிச்சு வச்ச முறுக்கு டப்பா இன்னும் அங்கேயே இருந்திருக்கும். லோரியில ஏத்திக்கிட்டுப் போயிருப்பான். ஒட்டு: ஒரே ஆசிரியரை ஒரே மணியில ரெண்டு வகுப்புல போட்டுடுது, அதைச் சரி பண்ணியிருக்கேன்.”

— சிரிக்கறீங்களா அழறீங்களா?

— தெரியலக்கா.

— நடுவுல ஏதாவது எடுங்க. கண்ணைப் பத்தி எழுதினது ஒண்ணு இருக்கணும். அதை எழுதிட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

— கண்ணா? அண்ணன் கண்ணுக்கு என்ன?

— எடுங்க, சொல்றேன்.

— இது பதினேழாவது. “சிவா, வலது கண்ணு சுத்தமா போச்சு. இடது கண்ணு பாதி. பிள்ளைங்களுக்கே இப்பத்தான் சொன்னேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீ எழுதினது சரிதான்டா. நான் பார்க்காமத்தான் அனுப்பினேன். பார்க்க முடியல, அதான் விஷயம். சொல்ல வெக்கமா இருந்துச்சு.” … அக்கா.

— ம்.

— அக்கா, அப்பவே கண்ணு போக ஆரம்பிச்சிருந்துச்சா? நான் அதை எழுதினப்பவா?

— அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே. என்ன எழுதினீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— சொல்லுங்க. உங்க வாயால கேக்கணும்.

— பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். இருபது தமிழ்ப்பள்ளியில அட்டவணை குளறுபடி. அண்ணன் அனுப்பின பேட்ச்ல ஒரு வரி விட்டுப்போச்சு. ஹெட்மாஸ்டருங்க எல்லாம் எனக்குப் போன் அடிச்சுத் திட்டறாங்க. நான் கூட்டத்துல, எல்லாருக்கும் போற மாதிரி எழுதினேன். “ஹென்றி அண்ணே, அனுப்பறதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்து ஒரு தரம் பார்த்திருக்கலாமே.”

— அதைப் படிக்க முடியாம என்னைத்தான் கூப்பிட்டாரு. “சாந்தா, சிவா என்னமோ எழுதியிருக்கான், படி”ன்னாரு. நான்தான் வாய்விட்டுப் படிச்சேன். படிச்சு முடிச்சதும் எழுந்து போய் பைப்பைத் திறந்து மூஞ்சி கழுவிக்கிட்டே இருந்தாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. அதான் போனை எடுத்தேன்.

— அன்னைக்கு ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை, அவருக்குக் கண்ணு தெரியலன்னு.

— சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. திட்டறதுக்கு வாய் நல்லா வந்துச்சு, காரணத்தைச் சொல்லத்தான் வரல. தப்பு எம்மேலயும் இருக்கு, தம்பி. அதை நான் மறைக்கல. நீங்க எழுதினதாவது ஒரு வரி. நான் பேசினது பத்து நிமிஷம். அவர் உங்களை விடல, நான்தான் வெட்டிவிட்டேன். அதை நினைச்சு நினைச்சு எத்தனை நாள் தூங்காம கிடந்திருக்கேன் தெரியுமா?

— நீங்க பேசினது நியாயம்தான்க்கா.

— நியாயம் பேசி என்ன லாபம்? அவருக்கு இருந்தது ஒரே ஒரு காவான். தம்பி கிடையாது, தங்கச்சி கிடையாது. ஒரே ஒரு கூட்டாளி, அதையும் பொண்டாட்டி வந்து கெடுத்துட்டா. அந்த ஒட்டுக்கு உங்ககிட்டேருந்து பதில் வருமே, அதுதான் எனக்கு மருந்து. டிங்னு சத்தம் கேக்கும். “சாந்தா, சிவா பதில் போட்டுட்டான்!”னு கத்துவாரு. நான் அடுப்படியிலேர்ந்து ஓடி வருவேன். ரெண்டே வார்த்தைதான், ஆனா உடனே வந்துடுமே. காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்த மாதிரி. சரி, மனுஷன் மனசு ஆறிட்டாரு, வெக்கத்துல பேசாம இருக்காரு, ஒருநாள் வந்துடுவாருன்னு நினைச்சுக்குவேன். அன்னைக்கு மட்டும் நல்லா தூங்குவேன்.

— அக்கா, கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேணாம். இன்னொண்ணு படிங்க. கடைசிப் பக்கமா.

— “எழுத்தை இவ்வளவு பெருசா வச்சிருக்கேன், ஸ்கிரீன்ல மூணு வரிதான் நிக்குது. பஸ் நம்பர் மாதிரி இருக்குங்கறா சாந்தா. ஒரு ஒட்டுக்கு முன்னெல்லாம் ஒரு மணி நேரம், இப்ப ஒரு வாரம். ஆனா தப்பு இருக்காது, மூணு தரம் தடவிப் பார்த்துட்டுத்தான் அனுப்பறேன்.”

— ஒரு வாரமா? சில சமயம் ரெண்டு வாரம். மெஷின்ல ரத்தம் ஓடிக்கிட்டிருக்கும், மடியில லேப்டாப். நர்ஸ் பிடுங்கப் போவா, விடமாட்டாரு.

— இது நாற்பத்தொண்ணு. “சிவா, ஒரு தரம் கிள்ளான் வாயேன்டா. வேலையைப் பத்திப் பேச வேணாம், ப்ரோக்ராம் பேச்சே எடுக்கமாட்டேன். சும்மா வந்து உட்காரு. சாந்தா நண்டு வைப்பா, நீ சாப்பிடு, நான் வாசனை பிடிக்கறேன். எனக்கு உப்பு ஆகாது.”

— வச்சேன். அந்தச் சனிக்கிழமை நண்டு வாங்கி வச்சேன். வருவான் வருவான்னு நாலு மணி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாரு. கண்ணு தெரியாத மனுஷனுக்கு ஜன்னல் எதுக்கு?

— போதும்க்கா. என்னால முடியல. நான் என்ன மனுஷன்? என்ன பாவி நான்!

— இங்க பாருங்க தம்பி. அழாதீங்க. வரும்போது உங்களை நாலு வாங்கு வாங்கணும்னுதான் வந்தேன். ட்ரெயின்ல சுபாங்லேர்ந்து சென்ட்ரல் வரைக்கும் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தேன். ஆனா ஒண்ணு. கடுதாசியைப் படிக்கலன்னாலும் வேலையைப் பார்த்தீங்க, இல்ல? அது போதும்னு தோணுது இப்ப. அவருக்கு அதுதான் பெருமை. “நாற்பத்தஞ்சு அனுப்பியிருக்கேன் சாந்தா, ஒண்ணைக்கூட சிவா திருப்பி அனுப்பல. அவன் எவ்வளவு கறார்னு உனக்குத் தெரியாது, ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் தூக்கி எறிஞ்சிடுவான். கண்ணு போயும் கை போகல எனக்கு”ன்னு, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. டாக்டர்கிட்டகூட.

— அப்படியா சொன்னாரு?

— அதான் கேக்கறேன். இந்த ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனை. நீங்க வரணும். வந்து மேல ஏறி அஞ்சு நிமிஷம் பேசணும். கண்ணு தெரியாம நாலு வருஷம் அவர் செஞ்ச வேலை எத்தனை பள்ளிக்கூடத்துல ஓடுதுன்னு நீங்க சொல்லணும். மகள் மறுபடி ஆஸ்திரேலியாவிலேர்ந்து வர்றா. அப்பா சும்மா கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுதாருன்னுதான் அவ நினைச்சுக்கிட்டிருக்கா. நீங்க சொன்னா நம்புவா.

— வர்றேன்க்கா. கண்டிப்பா வர்றேன். பேசறது மட்டும்…

— என்ன பேசறது மட்டும்? கூச்சமா? நாற்பத்தஞ்சு வேலையையும் பார்த்தது நீங்க ஒருத்தர்தானே. வேற யாரைக் கூப்பிடுவேன்?

— கார்த்திகேசுவைப் பேசச் சொல்லலாமே.

— கார்த்திகேசுவுக்கு என்ன தெரியும்? ஆ, இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். எங்க தாமான்ல, அடுத்த தெருவுல, புனிதா டீச்சர் இருக்கா, பக்கத்துப் பள்ளிக்கூடம். போன வாரம் பாசார்ல பார்த்தேன். திங்கக்கிழமை அவளை ஒரே நேரத்துல ரெண்டு வகுப்புல போட்டிருக்காம், அந்த அட்டவணை. மூணு வருஷமா இதே தொல்லை, பென்சிலால அடிச்சுத் திருத்திக்கறோம்னா. அதை அவர் சரி பண்ணிட்டேன்னு சொன்னாரே? இப்ப நீங்க படிச்சீங்களே, ரெண்டு வகுப்பு ஒரே ஆசிரியர்னு. ரெண்டாவது ஒட்டோ என்னவோ. அவ பழைய ப்ரோக்ராமை வச்சிருக்காளா?

— இருக்கலாம்.

— இல்லையாமே. ஜனவரியில புதுசு போட்டாங்களாம். நான் கேட்டேனே.

— அக்கா…

— என்ன?

— அந்த வேலை அதுல இல்ல.

— ஏன், விட்டுப்போச்சா?

— விட்டுப்போகல. சொல்றேன். நான் சொல்லி முடிக்கற வரைக்கும் எழுந்து போயிடாதீங்க. இதுக்கு மேல உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டு அந்தச் சர்ச்சுல ஏறி நின்னு பேச எனக்குத் தெம்பு இல்ல. கோட்டுக்குக் கீழ இருக்கறதை மட்டும் மறைச்சேன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். அன்னைக்கு நான் எழுதின பத்து வரி வேற. ஹென்றி அண்ணன் பேர்ல எது வந்தாலும் எங்கிட்ட காட்டாதே, ஒரு பெட்டியில போட்டு மூடு, அவருக்கு அந்த ரெண்டு வார்த்தையை அனுப்பிடு. அவ்வளவுதான். மெஷினே வாங்கும், மெஷினே பதில் போடும். நான் தூங்கிக்கிட்டிருந்தாலும் போடும்.

— அப்ப நீங்க?

— நான் ஒண்ணையும் திறக்கல. தடிச்ச எழுத்துல ஏன் இருக்குன்னு கேட்டீங்களே, திறக்காத மெயில் அப்படித்தான் இருக்கும். கோபம் ஆறுற வரைக்கும் ஒரு வாரம் இருக்கட்டும்னுதான் எழுதி வச்சேன். மெய்யாத்தான் சொல்றேன், ஒரு வாரம்னுதான் நினைச்சேன். அப்புறம் வேலை, வீடு மாத்தினேன், அம்மா சீக்கு. அண்ணன்கிட்டேருந்து ஒண்ணும் வர்றதில்லையே, சரி, அவரும் விட்டுட்டாருன்னு நானா நினைச்சுக்கிட்டேன். அதை எழுதினதையே மறந்துட்டேன்க்கா.

— நாற்பத்தஞ்சுல எத்தனை சேர்த்தீங்க?

— ஒண்ணுகூட இல்ல.

— ஒண்ணுகூடவா?

— ஒண்ணுகூட.

— அப்ப அந்தப் பதில் எல்லாம்…

— நான் போட்டது ஒண்ணும் இல்ல.

— மனசு ஆறல.

— என்னக்கா?

— நீங்க மனசு ஆறி எழுதினீங்கன்னு நான் நினைச்சேன். நாலு வருஷம். டிங்னு சத்தம் வந்தா ஓடி வருவேன் நான், ஈரக் கையோட. ஒரு மெஷினுக்கு ஓடி வந்திருக்கேன்.

— அக்கா, இப்ப சேர்க்கறேன். இன்னைக்கே உட்கார்றேன். ஒவ்வொண்ணா, அவர் பேர்லயே, அவர் அனுப்பின தேதியிலேயே ஏறும். அதுக்கு வழி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடறேன். எல்லாத் தமிழ்ப்பள்ளிக்கும் போயிடும்.

— யாருக்கு வேணும் அது? அவர் பார்ப்பாரா? ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு எதைக் கொண்டு போய்க் காட்டப் போறீங்க?

— நான் ஏன் சொன்னேன்? சொல்லாம இருந்திருக்கலாம்.

— இல்ல. சொன்னீங்களே, அதுவாவது. பொய்யைக் கேட்டுட்டுப் போய் அந்தச் சர்ச்சுல உட்கார்ந்திருந்தா அது இன்னும் கேவலம். அவருக்கு… தம்பி, அவருக்குத் தெரிஞ்சிருக்குமா இது?

— தெரியல. யாரைக் கேக்கறது இப்ப?

— அவர் நம்பினாரு. அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. அந்த மனுஷன் வெள்ளந்தியா நம்பிக்கிட்டே போயிட்டாரு. நான் கிளம்பறேன். என் பையை எடுங்க.

— மழை வர்ற மாதிரி இருக்குக்கா. ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில விடறேன்.

— வேணாம். இருங்க. அந்தக் கடைசி மெயிலை ஒரு தரம் திறங்க, நான் அனுப்பினதை.

— எதுக்குக்கா இப்ப? இன்னும் உங்களை நோகடிக்கவா?

— அதையாவது நீங்க உங்க கண்ணால படிக்கணும். பிணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எழுதினது. ஒருத்தர்கூட படிக்காம கிடக்கு. திறங்க.

— திறந்துட்டேன்.

— சத்தமா படிங்க.

— “சிவா தம்பி, அவர் இன்னைக்கு விடியக்காலையில நம்மளை விட்டுப் போயிட்டாரு. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு எடுக்கறோம். பழசெல்லாம் மறந்துட்டு வந்துடுங்க. தூக்கறதுக்கு நீங்க ஒரு பக்கம் நிக்கணும்னு அவர் ஆசைப்பட்டாரு. சாந்தாக்கா.”

— ம். இப்ப படிச்சாச்சு. நன்றின்னு சொல்லிடாதீங்க.

— அக்கா, இது முடியல. இதுக்குக் கீழ இன்னும் இருக்கு.

— என்ன இருக்கு? நான் அவ்வளவுதான் எழுதினேன்.

— நீங்க எழுதினது இல்ல. அண்ணன் எழுதினது. ஒட்டை ரெடி பண்ணி வச்சப்பவே எழுதி வச்சிருக்காரு. நீங்க அதுக்கு மேல எழுதியிருக்கீங்க.

— அதான் பஸ் நம்பர் எழுத்து, கீழ என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்ன எழுதியிருக்காரு? படிங்க. சீக்கிரம் படிங்க தம்பி.

— “டேய் சிவா. இது கடைசியா இருக்கும்னு நினைக்கறேன். உன் மெஷின்தான் எனக்குப் பதில் போடுதுன்னு முதல் மாசமே எனக்குத் தெரியும்…”

— என்னது?

— “…புது ப்ரோக்ராமை இறக்கித் தேடிப் பார்த்தேன், என் ஒட்டு ஒண்ணும் அதுல இல்ல. கோபம் இல்லடா. நீ படிக்கலன்னு தெரிஞ்சதாலதான் மனசுல இருக்கறதையெல்லாம் எழுத முடிஞ்சுது. என்னைக்காவது இந்தப் பெட்டியைத் திறப்பே, அன்னைக்குப் படிச்சுக்க…”

— தெரியுமா? அவருக்குத் தெரியுமா? அப்புறம் ஏன்டாப்பா விடாம அனுப்பினாரு? என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏன் காட்டினாரு?

— “…நம்மளைப் பிரிச்சது தான்தான்னு சாந்தாவுக்கு ஒரு நினைப்பு. எத்தனை சொன்னாலும் போகல. ராத்திரியில எழுந்து உட்கார்ந்துக்குவா. உன் பதில் வந்த அன்னைக்கு மட்டும் நல்லா தூங்கினா. அதுக்காகத்தான் அனுப்பிக்கிட்டே இருந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல…”

— ஏன் நிறுத்திட்டீங்க?

— அவ்வளவுதான்க்கா.

— எறும்பு எழுத்தா இருந்தாலும் இன்னும் ஒரு வரி இருக்கறது எனக்குத் தெரியுது. படிங்க, தம்பி.

— “எனக்காக ஒண்ணே ஒண்ணு செய், சிவா. மெஷின்தான் பதில் போட்டுச்சுன்னு அவகிட்ட மட்டும் எந்தக் காலத்திலயும் சொல்லிடாதே.”